தேய்வது தெரியாமல் தேய்தல்

கெப் வாகனத்தின் சொக் அப்சோபர் வண்டியின் எடையைச் சுமப்பதில்லை. எடையைச் சுமப்பவை ஸ்பிரிங்குகள். பெரும்பாலான கெப்களில் பின்னால் தகட்டு ஸ்பிரிங், முன்னால் சுருள் ஸ்பிரிங் அல்லது முறுக்குத் தண்டு. குழியில் விழுந்து எழும் சக்கரத்தின் விசையை ஸ்பிரிங் வாங்கி வைத்துக்கொண்டு திரும்பத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலை அடக்க ஒன்றுமில்லையென்றால் வண்டி ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே போகும். அடக்குவது சொக்கின் வேலை. எண்ணெய் நிரம்பிய குழாய்க்குள், தண்டின் நுனியில், சிறு துளைகளும் வால்வுகளும் கொண்ட ஒரு பிஸ்டன் இருக்கிறது. தண்டு போய்வரும்போது எண்ணெய் அந்தத் துளைகளில் நெருக்குண்டு பிதுங்குகிறது. ஆட்டத்தின் சக்தி வெப்பமாகிக் காற்றோடு போய்விடுகிறது.

பிரேக் போனால் வண்டி நிற்காது. பெற்றரி செத்தால் கிளம்பாது. சொக் போனால் வண்டி ஓடும். நேற்று ஓடியதுபோலவே இன்றும் ஓடும். ஒவ்வொரு கிலோமீற்றரிலும் சக்கரம் நூற்றுக்கணக்கான முறை ஏறி இறங்க, அந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் தேய்மானம் நிகழ்வதால், நன்றாக இருந்த கடைசி நாள் இது, கெட்ட முதல் நாள் இது என்று காட்டுவதற்கு ஒரு நாள் கிடைப்பதில்லை. சொக்கை எப்போது மாற்றுவது என்று கராஜில் கேட்கப்படும் கேள்வி அறக் கேள்வியாக மாறும் இடம் இதுதான். சொக் செத்த வண்டி ஒரு வளைவில் பிடியிழந்து எதிரே வந்தவர்மேல் ஏறினால், எனக்குத் தெரியாது என்று ஓட்டியவர் சொல்வது எவ்வளவு தூரம் செல்லும்? தெரியாமல் இருந்ததே குற்றமாகுமா? ஆகுமென்றால் எந்த நாளிலிருந்து?

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில் இது ஏட்டுக் கேள்வி மட்டுமல்ல. பாலாவிச் சந்தியிலிருந்து நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டிவரை ஏறத்தாழ 40 கிலோமீற்றர். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். இந்த ஒடுங்கிய நிலத்தின் மீனும் கருவாடும் மிளகாயும் பூசணியும் வெளியே போவது லொறிகளிலும் கெப்களிலும், மக்கள் டிமோ பட்டா என்று அழைக்கும் சிறிய டாட்டா வண்டிகளிலும்தான். தார் வீதியைவிட, அதை விட்டிறங்கிக் கண்டக்குழிப் பக்கத்து வாடிகளுக்கும் தோட்டங்களுக்கும் போகும் தடங்களில் சொக்குக்கு அடி அதிகம். அடியோடு உப்பும் சேர்கிறது. சொக்கின் தண்டு குரோமியம் பூசி வழவழப்பாக்கப்பட்டது. உப்பீரம் படிந்து அந்தப் பூச்சில் ஊசிமுனையளவு துருக்குழிகள் விழுந்துவிட்டால், தண்டு போய்வரும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குழிகளின் விளிம்பு ரப்பர் சீலை அரம்போல அராவும். மணல் சீலின் உதட்டில் சிக்கி மிச்சத்தை முடிக்கும். பின்பெட்டியின் ஐஸ் உருகி மீனோடு கலந்து அடித்தட்டுக்கு ஒழுகும் தண்ணீரும் உப்புத் தண்ணீர்தான். வேறோரிடத்தில் பல ஆண்டு உழைக்கும் சொக் இங்கே அதற்கு முன்பே வாய்விட்டுவிடலாம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கெப்களே ஓடின, அவற்றின் பழைய உறுப்புகளும் அவற்றோடு ஓடின.

தேய்ந்த சொக் முழுக்க ஊமையாக இருப்பதில்லை. பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் மூக்குக் குத்துகிறது. வேகத்தடை தாண்டிய பின்னும் பின்பக்கம் இரண்டு மூன்று முறை எழும்பி அடங்குகிறது. வெறும் பெட்டியோடு சரளைத் தடத்தில் போகும்போது பின்சக்கரங்கள் தத்துகின்றன. தத்தும் கணத்தில் டயருக்கும் தரைக்கும் தொடர்பில்லை, தொடர்பில்லாத டயரால் பிரேக்கும் பிடிக்க முடியாது, திரும்பவும் முடியாது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கற்பிட்டி வீதியில் வண்டி காற்றுக்கு அசைந்து கோடு மாறுகிறது, ஸ்டியரிங்கைக் கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது. டயரின் முகத்தில் உள்ளங்கையை வைத்து வருடினால், சீராகத் தேய்ந்திருக்க வேண்டிய ரப்பர் விட்டு விட்டுக் குழிந்திருக்கிறது. இந்தக் கடைசி அடையாளம் மிகவும் நம்பத்தக்கது. சக்கரம் ஒரே சீராக அழுத்தாமல் குதித்துக் குதித்து ஓடியதன் கணக்கை டயர் தானே எழுதி வைத்திருக்கிறது.

சொக்கின் உடலில் மெல்லிய எண்ணெய்ப் படலமும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் பயமில்லை. தண்டு தன்னோடு சிறிது எண்ணெயைக் கொண்டுவருவது இயல்பு. எண்ணெய் வழிந்து ஓடியிருந்தால் சீல் போய்விட்டது. மூலையை அழுத்தி விட்டுப் பார்க்கும் பழைய சோதனை காருக்குப் பொருந்தும் அளவுக்குக் கெப்புக்குப் பொருந்தாது. பாரத்துக்காகச் செய்த தகட்டு ஸ்பிரிங் கை அழுத்தத்துக்கு அவ்வளவாக அசையாது. அசைந்தாலும் தகடுகள் ஒன்றோடொன்று உரசுவதாலேயே ஆட்டம் அடங்கிவிடும். இதைவிட நல்ல சோதனை, கரடான தடத்தில் கொஞ்ச தூரம் ஓடி நிறுத்தியவுடன் நான்கு சொக்கையும் கவனமாகத் தொட்டுப் பார்ப்பது. வேலை செய்த சொக் சுட்டிருக்கும். மற்றவை சுட்டிருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அது வேலை செய்யவில்லை.

இத்தனை அடையாளம் இருந்தும் அன்றாடம் ஓட்டுபவருக்கு ஏன் தெரிவதில்லை? 19ஆம் நூற்றாண்டில் லைப்சிக்கில் ஏர்ன்ஸ்ட் வேபர் கண்டது இதற்கு ஒரு பகுதி விடை: இரண்டு புலனுணர்வுகளின் வேற்றுமை ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் அது உணர்வில் ஏறுவதே இல்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேற்றுமை எப்போதும் அந்த எல்லைக்குக் கீழேயே இருக்கிறது. அதோடு உடம்பும் ஒத்துழைக்கிறது. கை திருத்தக் கற்றுக்கொள்கிறது, கால் கொஞ்சம் முந்திப் பிரேக்குக்குப் போகிறது. குறை வளரும் அதே வேகத்தில் அதை மறைக்கும் பழக்கமும் வளர்கிறது. மிலேத்துஸ் நகரத்து யூபுலிடீஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுப்பியதாகச் சொல்லப்படும் புதிர் இதே வடிவம்தான்: ஒரு குவியலிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்தால் எந்த மணியோடு அது குவியலாக இருப்பது நிற்கிறது? தத்துவ ஆசிரியர்களுக்கு அது சொல்லின் புதிர். ஓட்டுநருக்கு அது கடமையின் புதிர், ஏனென்றால் அவர் ஏதோ ஒரு மணியில் கையை நிறுத்தியாக வேண்டும்.

இந்த நிலையைச் சைவ சித்தாந்தம்போல் கூர்மையாகச் சொன்ன மரபு வேறு இல்லை எனலாம். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில், உயிரை மறைக்கும் ஆணவ மலத்தை இருளோடு ஒப்பிட்டுப் பிரித்துக் காட்டுகிறார். இருள் பொருள்களைக் காட்டாது, ஆனால் இருள் இருக்கிறது என்பதையாவது காட்டும். ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. வெளிச்சம் அணைந்தால் அணைந்தது தெரியும் என்பதால் மனிதர் விளக்கைத் தேடுவர்; மறைப்பதையும் மறைத்துவிடும் மறைப்பில் அகப்பட்டவர் எதையும் தேடமாட்டார். அவருக்கு உதவி வெளியிலிருந்து வர வேண்டும் என்பதே அந்த நெறி குருவுக்கு இவ்வளவு இடம் கொடுப்பதன் காரணம். அதே கெப்பை வேறொருவர் ஒரு நாள் வாங்கி ஓட்டினால் முதல் வளைவிலேயே கேட்டுவிடுவார், இது ஏன் இப்படி ஆடுகிறது என்று. ஒரு நம்பிக்கையாளர் மற்ற நம்பிக்கையாளருக்குக் கண்ணாடி என்ற நபிமொழியும், நல்ல நண்பரைத் துறவு வாழ்வின் ஆதாரமாக வைக்கும் பௌத்தப் போதனையும் இந்தத் தேவையைத்தான் தொடுகின்றன. உடப்பின் திரௌபதை அம்மன் கோயிலும் தலவில புனித அன்னம்மாள் ஆலயமும் புத்தளத்துப் பள்ளிவாசல்களும் சிங்களக் கிராமத்து விகாரைகளும் ஒரே மாவட்டத்துக்குள் நிற்கும் இந்தக் கரையில், மனிதர் தம் குறையைத் தாமே முழுதாகக் காணமாட்டார் என்பதில் நான்கும் ஒத்துப்போகின்றன.

கருத்து பிரியும் இடம் அடுத்தது. தெரியாமல் செய்தவரின் பொறுப்பு எவ்வளவு?

இஸ்லாமியச் சட்டவியலில், உறுதி ஐயத்தால் நீங்காது என்றொரு பெருவிதி உண்டு. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மரபின் அறிஞரான, 1505இல் மறைந்த இமாம் சுயூத்தி தம் சட்ட விதி நூலில் அடிப்படையாக வைக்கும் ஐந்து விதிகளில் அது ஒன்று. தொழுகைக்கு முன் கைகால் கழுவும் உளூவைச் செய்தது உறுதியாகத் தெரிந்தவர், அது முறிந்ததோ என்று ஐயுற்றால், முறியவில்லை என்றே கொள்ளலாம். இருந்தது இருந்தபடியே இருக்கிறது என்று கொள்ளும் இந்த வழியைத்தான் ஓட்டுநரும் தம்மையறியாமல் கைக்கொள்கிறார்: போன வருடம் நன்றாக இருந்தது, ஆகவே இன்றும் நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த விதி மனிதரின் வழிபாட்டை ஐயத்தின் தொல்லையிலிருந்து காக்கப் பிறந்தது. மாறாகக் காட்டும் சான்று இல்லாத இடத்தில் மட்டும் செல்லும். குழிந்த டயர் சான்று. வழிந்த எண்ணெய் சான்று. மேலும், அதே ஐந்தில் இன்னொன்று தீங்கு நீக்கப்பட வேண்டும் என்கிறது. ஒருவரின் உளூவைப் பற்றிய ஐயத்தில் மற்றவர் உடம்புக்கு ஆபத்தில்லை. சொக்கைப் பற்றிய ஐயத்தில் இருக்கிறது. இருந்தபடியே இருக்கிறது என்ற சலுகையை அயலாரின் உயிரை வைத்து எடுக்க இடமில்லை என்றே இவ்விரு விதிகளையும் சேர்த்துப் படிப்பவருக்குத் தோன்றும்.

13ஆம் நூற்றாண்டின் கத்தோலிக்க இறையியலாளர் அக்குவினா தோமையார் அறியாமையைப் பகுத்தது இன்னும் நேரடியாக உதவுகிறது. ஒருவர் எவ்வளவு முயன்றும் அறிய முடியாததை அறியாதிருப்பது பாவமில்லை. அறியக் கடமைப்பட்டதை, அறிய முடிந்ததை அறியாதிருப்பது கவனக்குறைவின் பாவம். மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறார்: அறிந்தால் செயலை விட வேண்டிவரும் என்று அறியாமல் இருக்கவே விரும்புவது. கராஜில் வண்டியை உயர்த்தும்போது கீழே குனிந்து பார்க்காமல் எண்ணெயை மட்டும் மாற்றச் சொல்லும் மனத்துக்கு இது பெயர். அத்தகைய அறியாமை பாவத்தைக் குறைப்பதில்லை என்பது அவர் முடிவு.

பௌத்த நூலான மிலிந்த பஞ்ஹவில் நாகசேன தேரர் மிலிந்த அரசருக்குச் சொல்லும் விடை எல்லாவற்றையும்விடத் திடுக்கிட வைப்பது. அறிந்து தீமை செய்பவருக்கா, அறியாமல் செய்பவருக்கா கேடு அதிகம் என்று அரசர் கேட்கிறார். அறியாமல் செய்பவருக்கே என்கிறார் தேரர். காய்ச்சிய இரும்பு உருண்டையை, அது சுடும் என்று தெரிந்தவரும் தெரியாதவரும் பிடித்தால், தெரியாதவர் கையே அதிகம் வேகும். பௌத்தத்தில் வினையின் உயிர் எண்ணம்தான்; விநய விதிகளில் பல இடங்களில் எண்ணமில்லாத செயல் குற்றமாவதில்லை. ஆகவே இந்த விடை முரண்போலத் தெரிகிறது. இரும்பு உருண்டையை ஊன்றிப் பார்த்தால் முரண் தளர்கிறது. அது தண்டனையைப் பற்றிய பேச்சாகத் தோன்றவில்லை, விளைவைப் பற்றியது. தெரிந்தவர் நுனி விரலால் பிடிப்பார், சீக்கிரம் விடுவார். சொக் போய்விட்டது என்று தெரிந்த ஓட்டுநர் பாரத்தைக் குறைப்பார், வளைவில் வேகத்தை விடுவார். தெரியாதவர் முழுப் பாரத்தோடு முழு வேகத்தில் போவார். அறியாமை குற்றத்தைக் குறைக்கலாம், அடியைக் குறைப்பதில்லை.

திருக்குறளின் 54ஆவது அதிகாரமான பொச்சாவாமை இதற்கு ஒரு காரணம் சேர்க்கிறது. மிகுந்த மகிழ்ச்சியால் வரும் மறதி, அளவு கடந்த கோபத்தைவிடத் தீயது என்பது அங்கே வள்ளுவர் கருத்து. ஓட்டம் நன்றாக இருக்கும் பருவத்தில், மீன் படும் மாதங்களில், வண்டி ஒரு நாளும் நிற்காமல் வருமானம் தரும்போதுதான் அதன் அடியில் குனிந்து பார்க்க நேரமில்லாமல் போகிறது.

பொறுப்பு ஒருவரிடமே இருக்கிறது என்று இதுவரை வைத்துப் பேசியது நடைமுறைக்கு முழுதாகப் பொருந்தாது. கரையோரத்துக் கெப் பலவற்றில் ஓட்டுபவர் ஒருவர், உடைமையாளர் வேறொருவர். ஆட்டம் தெரியும் உடம்பு ஒருவருடையது. மாற்றும் காசு மற்றவருடையது. ஓட்டுநர் சொன்னால் வேலைக்குச் சோம்பல்படுகிறார் என்று கேட்கப்படலாம், சொல்லாவிட்டால் அவரே பழியைச் சுமக்கிறார். அறிவும் அதிகாரமும் இப்படிப் பிரிந்திருக்கும் இடத்தில் உடைமையாளரின் கடமை காதால் தொடங்குகிறது: சொன்னவரைத் தண்டிக்காத முறையில் கேட்பது. அறியாமல் இருந்ததற்குத் தாமே ஏற்பாடு செய்துகொண்ட உடைமையாளர், தோமையார் சொன்ன மூன்றாம் வகைக்கு மிக அருகில் நிற்கிறார். பின்பெட்டியில் ஏறிக்கொண்டு திருவிழாவுக்கும் வயலுக்கும் போகிறவர்களுக்கோ அறிவும் இல்லை, அதிகாரமும் இல்லை. அவர்களிடம் இருப்பது நம்பிக்கை மட்டும். இஸ்லாம் அமானிதம் என்று சொல்வது அதைத்தான்.

இயற்கை கோடு கிழிக்காதபோது மனிதர் கிழித்தாக வேண்டும். புகைச் சான்றிதழை அந்தக் கோடாக எண்ண முடியாது. வருடாந்த வாகன அனுமதிப்பத்திரத்துக்குத் தேவையான புகைப் பரிசோதனை புகையைப் பார்க்கிறது, சொக்கைப் பார்ப்பதில்லை. 80,000 கிலோமீற்றரளவில் சொக்கைச் சோதிக்கச் சொல்வது தொழிலில் வழக்கம். நல்ல வீதியில் ஓடும் வண்டியை எண்ணி வைத்த எண் அது. உப்பிலும் மணலிலும் ஓடும் கெப்புக்கு அதில் பாதியிலேயே தொடங்கி, பிறகு ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்திலும் பார்ப்பது தகும். எண் எதுவானாலும் அதை வண்டி நன்றாக இருக்கும்போதே முடிவு செய்வதில்தான் பயன். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா நூலில் சுயகணக்குப் பற்றி எழுதும்போது வணிகக் கூட்டாளியை உவமையாக எடுக்கிறார்: காலையில் மனத்தோடு நிபந்தனை பேசிக்கொள், பகலில் கண்காணி, மாலையில் கணக்குக் கேள். நிபந்தனை முதலில் வராவிட்டால் மாலைக் கணக்குக்கு அளவுகோல் இல்லை. கத்தோலிக்கப் புனிதர் இக்னாசியார் 1548இல் அச்சான தம் ஆன்மப் பயிற்சி நூலில், ஒரு குறையை எடுத்துக்கொண்டு நாளுக்கு இருமுறை எண்ணிக் கோடுகளில் புள்ளியிட்டு, நாளை நாளோடும் வாரத்தை வாரத்தோடும் ஒப்பிடச் சொல்கிறார். மெல்ல வரும் மாற்றத்தை நினைவு பிடிக்காது, எழுத்துப் பிடிக்கும் என்ற எளிய அறிவு அதில் இருக்கிறது. டயரின் குழிவையும் மாற்றிய திகதியையும் ஓடிய தூரத்தையும் ஒரு கொப்பியில் குறித்து வைப்பது இந்த மரபுகளுக்கு அந்நியமான செயல் அல்ல.

மறுபக்கத் தவறும் உண்டு. எல்லா ஓசையிலும் சாவைக் கேட்டு நல்ல உறுப்பைக் கழற்றி எறிவது இஸ்லாத்தில் வீண்விரயம். அதற்குப் பின்னால் இருக்கும் ஓயாத ஐயத்தை வஸ்வாஸ் என்பார்கள். பாவமில்லாததைப் பாவமென்று அஞ்சும் மனத்தைக் கத்தோலிக்க ஆன்ம குருக்களும் நோயாகவே பார்த்தனர். தட்டும் சத்தம் பல நேரம் சொக்கிலிருந்து வருவதில்லை; அதன் முனையிலுள்ள ரப்பர் புஷ் நைந்திருக்கும், புஷ்ஷை மட்டும் மாற்றினால் போதும். தண்டு வளைந்தால், உடல் நசுங்கினால், எண்ணெய் வழிந்தால், சூடேறாவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை, மாற்ற வேண்டும். ஒரே அக்சலின் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒரு பக்கம் அடங்கி மறுபக்கம் ஆடினால் வண்டி பிரேக்கில் கோணும்.

காசில்லாதவர் கதை கடினமானது. கஷ்டம் இலகுவைக் கொண்டுவரும் என்பதும் சுயூத்தியின் ஐந்தில் ஒன்று. அதே மரபில், தீங்கை இன்னொரு தீங்கால் நீக்கலாகாது என்ற விதியும் இருக்கிறது. ஒருவரின் வறுமையைத் தெருவில் போகும் பிள்ளையின் மேல் இறக்கிவைக்க முடியாது. வறியவரை வண்டியை நிறுத்திப் பட்டினி கிடக்கச் சொல்வதும் தீங்குதான். இரண்டுக்கும் நடுவில் செய்யக்கூடியவை உண்டு: பாதிப் பாரம், குறைந்த வேகம், பெட்டியில் ஆள் ஏற்றாமை, இரவோட்டம் தவிர்த்தல், கூலியில் நாளாந்தம் ஒரு பங்கு ஒதுக்குதல். பழைய உறுப்புக் கடையில் மலிவாக எடுப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வெளியே வண்ணம் பூசிய குழாயின் உள்ளே சீலும் எண்ணெயும் எப்படி இருக்கின்றன என்று கடையில் வைத்துப் பார்த்தால் தெரியாது.

விற்பனைக்கும் இது பொருந்தும். தானியக் குவியலுக்குள் நபிகளார் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்று வியாபாரி சொல்ல, மக்கள் பார்க்கும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று அவர் கேட்டார். சஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. குறை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று சட்டவியலும் வகுத்தது. விற்கும் நாளின் காலையில் சொக்கில் வழிந்த எண்ணெயைத் துடைப்பதும், குழிந்த டயருக்கு மேல் கறுப்பு மினுக்குப் பூசுவதும், ஈரத் தானியத்தை அடியில் தள்ளுவதும் ஒரே செயல். அறியாமல் விற்றவருக்கும் சட்டத்தில் பொருளைத் திரும்ப ஏற்கும் கடமை உண்டு. பாவம் மட்டும் இல்லை.

புதிய சொக் பூட்டிய முதல் நாட்களில் ஓட்டுநர்கள் அடிக்கடி சொல்லும் குறை, வண்டி கட்டையாக இருக்கிறது என்பது. சில மாதங்களாக ஆட்டத்தையே இயல்பென்று கற்ற உடம்புக்கு, இயல்பு விறைப்பாகத் தெரிகிறது. ஒரு வாரத்தில் கை புதிய பழக்கத்துக்கு வரும். பழைய டயரின் கதை வேறு. குழிந்த ரப்பர் மீண்டும் நிரம்புவதில்லை. புதிய சொக்கோடும் அது வீதியில் இரைந்துகொண்டே ஓடும். பாவம் மன்னிக்கப்பட்ட பின்னும் அதன் விளைவுக்கான பரிகாரம் மீதமிருக்கும் என்று கத்தோலிக்கப் போதனை பிரிப்பதும், மனிதருக்குச் செய்த தீங்கில் மனம் வருந்தித் திரும்பும் தவ்பா மட்டும் போதாது, உரியவருக்கு உரியதைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று இஸ்லாம் கேட்பதும் இந்த மிச்சத்தைப் பற்றியவை. இரைச்சல் போக அந்த டயரையும் மாற்ற வேண்டும்.